எழுபது கிலோ

புதுவயல் ரோட்டில் ரைஸ்மில் எடைமேடை என்னுடையது.
என்னுடையது என்றால்,
ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை
அந்தச் சிவப்பு எண்களுக்கு நான் பொறுப்பு.

லோடு வண்டி ஏறும்.
எண்கள் தத்தளிக்கும், மெல்ல அடங்கும்.
"டிரைவரண்ணே, இறங்கித் தள்ளி நில்லுங்க"
என்பேன் மைக்கில்.
நெல்லோடு மனுசனையும் நிறுத்துக் காசு கொடுக்க
முதலாளிக்கு மனசு வராது.

என் ஜன்னலுக்குத் தெரிவது கிளீனர் பக்கக் கதவு.
டிரைவர் இறங்குவது அந்தப் பக்கம்.
ஆறு வருசமாக
டிரைவர்கள் எனக்கு முகம் இல்லை, எடை.

கம்பியைப் பிடித்துப் படிப்படியாய் இறங்குகிறவர்
எண்ணை அசைக்கமாட்டார்.
மேடையை விட்டுக் கால் எடுத்ததும்
ஒரே தாவலாய் எழுபது குறையும்.
குதிக்கிறவர் வேறு ரகம்.
எண் திடுக்கென்று எகிறும், நடுங்கும், பிறகு குறையும்.
யார் மூட்டு எத்தனை நாள் தாங்கும் என்று
உள்ளே உட்கார்ந்தே சொல்லிவிடலாம் போல.
சொன்னதில்லை. சீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

ஐப்பசித் தூறல் அன்றைக்கு.
தவிடு பறந்து படிந்த இடமெல்லாம்
விளக்கெண்ணெய் தடவின மாதிரி.
ராய்ச்சூர் நெல், நாமக்கல் வண்டி, டிரைவர் நல்லுசாமி.
முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது.
இறங்கச் சொன்னேன்.
எண் எகிறியது. நடுங்கியது.
திரும்பவும் முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது.
அங்கேயே நின்றது.

"அண்ணே, மேடையை விட்டுத் தள்ளுங்க."
அதே எண்.
"அண்ணே, உங்களத்தான்."
அதே எண்.
பின்னால் இரண்டு வண்டி ஹாரன்.
"பீடிய அப்புறமா பத்த வைக்கலாம், நகருங்க!"
மில் முழுக்கக் கேட்டது என் குரல்.

நிற்கிறவனுக்கும் விழுந்து கிடக்கிறவனுக்கும்
எடை ஒன்றுதான்.

போய்ப் பார்த்தபோது
பின் சக்கரத்தில் தலை சாய்த்துக் கிடந்தார்.
ஒரு ரப்பர் செருப்பு மட்டும்
வழுக்கின படியிலேயே உட்கார்ந்திருந்தது.
ஒரு கையில் போன், மறு கையில் லோடு பேப்பர்.
பிடிக்கக் கை ஏது?
இப்போதும் அந்தப் பேப்பரை
நனையாமல் தூக்கிப் பிடித்திருந்தார்.
"சீட்டு போட்டாச்சாம்மா?" என்றார்.

எண்ணூறு கிலோமீட்டர்,
மூன்று மாநிலம், தூங்காத இரண்டு ராத்திரி.
வண்டியில் ஒரு கீறல் இல்லை.
நாலடி உயரம்,
அதுவும் நின்ற வண்டி,
இடுப்பெலும்பு.

நாலு பேர் ஏறித் தூக்கினோம்.
எண் என்ன காட்டியதென்று யாரும் பார்க்கவில்லை.
காரைக்குடி ஆஸ்பத்திரி வரைக்கும்
அவர் வலியைப் பற்றிப் பேசவில்லை,
டியூவைப் பற்றித்தான் பேசினார்.

அந்தப் பக்கம் ஒரு லைட் கேட்டேன்.
பதினோரு நாள் கழித்து வந்தது.
கண்ணாடி கேட்டேன்.
பெல்ஜியம் கண்ணாடிக்குப் பேர்போன சீமையில்
எனக்குக் கிடைத்தது
பழைய டவுன்பஸ்ஸின் பக்கக் கண்ணாடி.
போதும். படி தெரிகிறது, பாதம் தெரிகிறது.
பிட்டர் சேவுகன் தினமும் தவிட்டைக் கூட்டி
உமிச்சாம்பல் தூவுகிறான்,
திட்டிக்கொண்டே.

மைக்கில் இப்போது வாசகம் நீண்டுவிட்டது:
"டிரைவரண்ணே, போனப் பையில போடுங்க.
பேப்பர சீட்டுலயே வைங்க, கிளீனர் தருவார்.
மூஞ்சி வண்டியப் பாத்து.
ரெண்டு கை, ஒரு காலு, எப்பவும் பிடியில இருக்கணும்."
சிரிக்கிறார்கள்.
"இருபது வருசமா இறங்குறேன் தாயி,
ஏணி ஏறக் கத்துக் குடுக்குறியா?"
பாதிப் பேர் இன்னும் குதிக்கிறார்கள்.
எண் எகிறும்போதெல்லாம்
எனக்கு வயிற்றில் ஒன்று எகிறி அடங்குகிறது.

நாமக்கல் வண்டி தை மாதம் வந்தது.
வேறு டிரைவர். எண்பது கிலோ. பிடித்து இறங்கினார்.
நல்லுசாமியைக் கேட்டேன்.
"யாரு?" என்றார்.

கண்ணாடியில் பனி இறங்கும் ராத்திரிகளில்
பழையபடி எண்ணைத்தான் நம்ப வேண்டும்.
மூன்று வரை எண்ணுவேன்.
எழுபது குறையவில்லை என்றால்
மைக்கைத் தொடமாட்டேன்.
செருப்பை மாட்டுவேன்.

என் கேபினுக்கும் நாலு படி உண்டு.
எந்த அவசரத்திலும்
கம்பியைப் பிடித்துத்தான் இறங்குகிறேன்.